கேமராவா, பிஐஆரா, ரேடாரா? தனியாக இருக்கும் பெரியவர் வீட்டுக்கு எது சரி

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவது கேமராதான். ஆன்லைனில் ஒன்றிரண்டு ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. ஹால் மூலையில் மாட்டிவிட்டால் துபாயிலோ டல்லாஸிலோ உட்கார்ந்தபடி அம்மா எழுந்தாரா, சாப்பிட்டாரா என்று பார்த்துக்கொள்ளலாம். என் அத்தை மகளும் அதைத்தான் கேட்டாள். அத்தைக்கு 74 வயது. ஸ்ரீரங்கத்தில் பழைய வீடு; மாமா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார். சென்சார், ஆட்டோமேஷன் என்று எதையாவது நோண்டிக்கொண்டிருப்பவன் குடும்பத்தில் நான் ஒருவன்தான் என்பதால் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது.

முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கேமரா வாசலுக்கு மட்டும். உள்ளே நாலைந்து பிஐஆர் (உடம்புச் சூட்டை வைத்து அசைவைப் பிடிக்கும் சென்சார்), இரண்டு கதவு சென்சார், பாத்ரூமில் ஒரு ரேடார் (ரேடியோ அலை அனுப்பி ஆளைக் காணும் சென்சார்). இதே பட்டியல் உங்கள் வீட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். இதற்கு வந்து சேர்ந்த வழி பொருந்தும்.

எந்தக் கருவி நல்லது என்று தேட ஆரம்பித்தால் குழப்பம்தான் மிஞ்சும். என்ன தெரிய வேண்டும் என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்குத் தெரிய வேண்டியவை மூன்று. காலையில் எழுந்து வழக்கம்போல நடமாடுகிறாரா? எங்கேயாவது விழுந்து எழ முடியாமல் கிடக்கிறாரா? தூக்கம், சமையல், ராத்திரி பாத்ரூம் போவது போன்ற பழக்கங்கள் மாதக்கணக்கில் மெல்ல மாறுகின்றனவா? முதல் கேள்விக்கு மலிவான சென்சாரே பதில் சொல்லிவிடும். பணமும் மண்டைக்குடைச்சலும் இரண்டாவதுக்குத்தான். மூன்றாவதுக்குப் பொறுமை வேண்டும்.

கேமரா: எல்லாம் தெரியும், வேண்டிய இடத்தில் வைக்க முடியாது

கேமரா கொடுக்கும் பதிலில் சந்தேகத்துக்கு இடமில்லை. திறந்து பார்த்தால் ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், முடிந்தது விஷயம். பல கேமராக்களில் பேசவும் செய்யலாம். ஆனால் நாம் உண்மையில் பயப்படுவது எதற்கு? பாத்ரூமில் வழுக்குவதற்கும், நடுராத்திரி கட்டிலிலிருந்து எழும்போது தலைசுற்றி விழுவதற்கும். அந்த இரண்டு இடத்திலும் கேமரா வைக்கச் சொல்லி எந்தப் பிள்ளையும் வாய் திறக்க முடியாது. ஹாலில் வைத்த கேமரா ஹாலில் டிவி பார்ப்பதைத்தான் காட்டும்.

வீட்டு வாழ்க்கையைக் கேமராவால் பதிவு செய்ததில் பெயர்பெற்ற முயற்சி எம்ஐடி பேராசிரியர் டெப் ராயுடையது. தன் மகன் பேசக் கற்பதை ஆராய, 2005-ல் சொந்த வீட்டின் கூரையில் 11 கேமராக்களும் 14 மைக்குகளும் பதித்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் சேர்ந்தது 90,000 மணி நேர வீடியோ, 1,40,000 மணி நேர ஆடியோ. சொந்த வீடு, சொந்த ஆராய்ச்சி. அப்படியிருந்தும் பதிவை நிறுத்த அறைகளில் கட்டுப்பாடு வைத்திருந்தார். கூடவே, சற்றுமுன் பதிவானதை அழிக்க 'ஊப்ஸ்' என்று ஒரு பொத்தானும். வீட்டுக்குள் கேமரா வைப்பது என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்தவர் செய்த ஏற்பாடு அது. கடையில் வாங்கும் கேமராவில் அப்படி ஒரு பொத்தான் இருந்தாலும், அது டல்லாஸில் இருப்பவரின் போனில் இருக்கும். அத்தை கையில் இருக்காது.

இன்னொன்று, அத்தனை மணி நேரத்தை யார் பார்ப்பது? முதல் வாரம் ஆர்வமாகப் பார்ப்பார்கள். பிறகு, போன் எடுக்காதபோது மட்டும் திறப்பார்கள். அப்படியானால் கேமரா அன்றாடத்தைப் பதிவு செய்கிறதே தவிர, யாருக்கும் எதையும் புரியவைப்பதில்லை.

நடுவில் ஒரு வழியும் உண்டு. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியாவில் டைகர்பிளேஸ் என்ற முதியோர் குடியிருப்பு இருக்கிறது. மிசௌரி பல்கலைக்கழகத்தில் செவிலியர் துறையின் மர்லின் ரான்ட்ஸும் பொறியியல் துறையின் மார்ஜரி ஸ்கூபிக்கும் அங்கே ஆண்டுக்கணக்காக சென்சார் வைத்து ஆராய்ந்தார்கள். வீடியோ கேமுக்காக வந்த கினெக்ட் கருவியின் ஆழப் படத்தை (நிறத்துக்குப் பதில் தூரத்தைப் பதியும் படம்) பயன்படுத்தி, முகம் தெரியாத நிழலுருவமாக மட்டும் ஆளைப் பதிவு செய்து நடைவேகத்தையும் காலடி நீளத்தையும் அளந்தார்கள். அருமையான யோசனை. ஆனால் அதை ஒரு பல்கலைக்கழகக் குழு பராமரித்தது. நம் வீட்டில் அதைச் செய்ய, கணினியைத் தினமும் தட்டிக்கொடுத்துக் கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும்.

பிஐஆர்: பழசு, மலிவு, நம் ஊர் வெயிலில் கொஞ்சம் திணறும்

ஏடிஎம் வாசலில், ஆபீஸ் மாடிப்படியில், ஆள் வந்தால் தானாக விளக்கெரிய வைப்பதும் பெரும்பாலும் இதுதான். உள்ளே எதிரெதிராக இணைத்த இரண்டு உணர் துண்டுகள். வெளியே வெள்ளையாகக் கட்டம் கட்டமாகத் தெரியும் பிளாஸ்டிக் மூடி உண்மையில் ஒரு லென்ஸ். அறையை அது விசிறி விசிறியாகப் பிரிக்கிறது. உடம்புச் சூடு ஒரு விசிறியிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும்போது இரண்டு துண்டுகளுக்கும் இடையே வித்தியாசம் வரும், உடனே 'ஆன்'. அதனால்தான் குறுக்கே நடந்தால் சட்டென்று பிடிக்கும், நேராக அதை நோக்கி நடந்தால் தாமதிக்கும். அசையாமல் உட்கார்ந்து ஸ்லோகப் புத்தகம் படிக்கும் அத்தை அதன் கணக்கில் வீட்டிலேயே இல்லை.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பிஐஆர் பார்ப்பது வெறும் சூட்டை இல்லை, சுற்றுப்புறத்துக்கும் உடம்புக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தை. அக்னி நட்சத்திர சமயத்தில் திருச்சியில் மத்தியானம் அறைக்குள்ளேயே 35 டிகிரியைத் தொடும். தோலின் மேற்பரப்பும் கிட்டத்தட்ட அதே சூட்டில்தான் இருக்கும். குளிர்காலத்தில் 6 மீட்டருக்கு அப்பாலும் பிடித்த சென்சார், மே மாதம் பாதி தூரத்திலேயே தடுமாறும். ஹாலின் ஒரு மூலையில் ஒன்றை வைத்து முழு ஹாலையும் பார்க்கலாம் என்று நினைக்காமல், கட்டாயம் தாண்டிப் போக வேண்டிய இடத்தில், ஆளுக்குக் குறுக்காக, பக்கத்தில் வையுங்கள். ரேழி, சமையலறை நிலைப்படி, படுக்கையறையிலிருந்து பாத்ரூமுக்குப் போகும் வழி. மூன்று மீட்டருக்குள் ஆள் கடந்தால் மே மாதத்திலும் பிழைத்துக்கொள்ளலாம்.

பல்லியையும் மறக்கக் கூடாது. லென்ஸ் மேலேயே ஏறி உட்கார்ந்தால் ராத்திரி மூன்று மணிக்கு 'சமையலறையில் அசைவு' என்று செய்தி வரும். குழல்விளக்குக்குப் பக்கத்தில் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். அந்த இடத்தைத் தவிர்த்தாலே பாதித் தொல்லை ஓய்ந்துவிடும். "நீ ஒட்டினதே பல்லி மாதிரிதான்டா இருக்கு" என்றார் அத்தை. அதற்கு மேல் அவர் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை, துண்டு போட்டு மூடவும் இல்லை. எனக்கு அது பெரிய மதிப்பெண். பெரியவர் மறந்துபோகும் சென்சார்தான் அன்றாடத்தை அன்றாடமாகவே பதிவு செய்யும்.

கதவு சென்சார் இதைவிட எளிது. ஒரு பக்கம் காந்தம், மறுபக்கம் ரீட் சுவிட்ச், அதாவது காந்தம் பக்கத்தில் இருக்கிறதா என்று உணரும் சுவிட்ச். ஐப்பசி அடைமழையில் மரக்கதவு உப்பிக்கொண்டு முழுதாகச் சாத்தாமல் போனால் 'திறந்திருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இரும்பு கிரில் கேட்டில் நேராக ஒட்டினால் காந்தத்தின் வீச்சு குறையும், இடையில் ஒரு மரத்துண்டோ பிளாஸ்டிக் துண்டோ வைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஒன்று வைப்பதை அவசியம் யோசியுங்கள். பால், தயிர், காய்கறி, மாவு எல்லாம் அங்கேதான். ஒரு நாளில் ஃபிரிட்ஜ் எத்தனை முறை திறந்தது என்பது சமையல் நடந்ததா என்பதற்கு நல்ல அடையாளம்.

ரேடார்: அசையாதவரையும் காணும், ஃபேனையும் மனிதர் என்று நம்பும்

இப்போது பலரும் பேசுவது எம்எம்வேவ் ரேடார், அதாவது மில்லிமீட்டர் கணக்கில் அலைநீளம் கொண்ட ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து ஆளைக் காணும் கருவி. 24 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஒன்றேகால் சென்டிமீட்டர், 60-ல் அரை சென்டிமீட்டர். இத்தனை சின்ன அலை என்பதால் மூச்சில் மார்பு ஏறி இறங்குவதைக்கூடப் பிடிக்கும். எம்ஐடியில் டினா கட்டாபியின் குழு 2015-லேயே, உடம்பில் எதையும் மாட்டாமல், ரேடியோ அலையால் மூச்சையும் இதயத் துடிப்பையும் அளந்து காட்டியது. நாம் வாங்கும் சில நூறு ரூபாய் எல்டி2410 போன்ற சின்னப் பலகைகளிடம் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. 'இங்கே ஒருவர் இருக்கிறார், அசையாமல் இருக்கிறார்' என்று சொல்லும். அதுவே பிஐஆர் சொல்ல முடியாதது.

பிரச்சினை சீலிங் ஃபேன். ரேடாருக்குச் சுற்றும் இறக்கை, ஆடும் திரைச்சீலை எல்லாமே அசைவுதான். எல்டி2410 தூரத்தை 0.75 மீட்டர் பட்டைகளாகப் பிரித்துக்கொள்ளும்; ஒவ்வொரு பட்டையின் உணர்திறனையும் தனியாகக் குறைக்கலாம். ஃபேன் இருக்கும் பட்டையை அடக்கிவிடு என்று இணையத்தில் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நம் வீடுகளில் கட்டில் எங்கே போட்டிருக்கும்? ஃபேனுக்கு நேர் கீழே! அந்தப் பட்டையை அடக்கினால் படுத்திருப்பவரையும் சேர்த்து அடக்கியதாகும். சுவரில் கட்டில் உயரத்தில், சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். எட்டு மாதம் ஃபேன் ஓடும் ஊரில் படுக்கையறை ரேடாரை நான் முழுதாக நம்புவதில்லை.

பாத்ரூமில் ஃபேன் கிடையாது. அதுதான் ரேடாருக்குச் சரியான இடம். கதவு சாத்தியது, உள்ளே ஆள் இருக்கிறார், 40 நிமிடமாக வெளியே வரவில்லை: இது போதும் எச்சரிக்க. ஈரம் படாதபடி பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தாலும் அலை ஊடுருவிப் போகும். ஒன்றைக் கவனிக்க வேண்டும், மெல்லிய தடுப்புச் சுவரோ பிளைவுட்டோ இருந்தால் அந்தப் பக்கம் நடப்பவரையும் சேர்த்துக் காட்டும். முக்காலடிச் செங்கல் சுவர் உள்ள பழைய வீட்டில் அந்தக் கவலை குறைவு.

'விழுந்ததைக் கண்டுபிடிக்கும்' என்று விற்கும் விலை உயர்ந்த ரேடார்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆள் தரை மட்டத்தில் நீட்டிப் படுத்திருப்பதையே விழுந்ததன் அடையாளமாகக் கொள்ளும் கருவி, கட்டிலும் சோபாவும் மட்டும் உள்ள வீட்டுக்குப் பொருந்தலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹால் தரையில் தலைக்கு ஒரு மணையை வைத்துச் சாயும் அத்தைக்குத் தினமும் ஒரு 'விபத்து' நடக்கும். கீரை ஆய்வது, பூ கட்டுவது எல்லாமே தரையில்தான். நாலு முறை பொய் அலாரம் வந்தால் ஐந்தாவதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

மற்றவை

படுக்கைக்கடியில் வைக்கும் பட்டை தூக்கத்தையும் மூச்சையும் நன்றாக அளக்கும், தினமும் அதே கட்டிலில் படுப்பவருக்கு. வெயில் காலத்தில் பாயோடு முற்றத்துக்கு இடம் மாறுபவருக்குப் பயனில்லை. கார்பன் டை ஆக்சைடு சென்சார் ஏசி போட்டு மூடிய அறையில் ஆள் இருப்பதைக் காட்டும். வெளிக்காற்றில் அது 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவு, ஜன்னல் திறந்த வீட்டில் உள்ளேயும் கிட்டத்தட்ட அதேதான், அதனால் அங்கே உதவாது. கைக்கடிகாரம் அறை சென்சார் கணக்கில் வராது; சார்ஜ் போட மறப்பதையும் குளிக்கும்போது கழற்றுவதையும் நினைத்து விட்டுவிட்டேன்.

ஸ்மார்ட் பிளக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஜப்பானில் சோஜிருஷி நிறுவனம் 2001-லேயே வெந்நீர்ப் பானையில் தகவல் தொடர்பை இணைத்தது. அப்பா டீக்கு வெந்நீர் எடுத்தாரா என்பது பிள்ளைக்கு மின்னஞ்சலில் போய்விடும். வேறு ஒன்றும் தெரியாது. சென்சார் உலகில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். ஆனால் நம் வீட்டில் காபி கேஸ் அடுப்பில்தான். அதற்கு இணையான இடம் டிவி. ஏழு மணி சீரியலுக்கு டிவி ஓடவில்லை என்றால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். கரன்ட் போய் வந்த பிறகு பிளக் தானாக 'ஆன்' நிலைக்குத் திரும்பும்படி அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் டிவி ரிப்பேர் என்று அத்தை ஆள் கூப்பிட்டுவிடுவார்.

பதிவிலிருந்து பழக்கத்துக்கு

இந்தச் சின்ன சின்ன 'ஆன்', 'ஆஃப்' எல்லாம் சேர்ந்து ஒருவரின் நாளைச் சொல்லுமா? எம்ஐடி ஆய்வாளர்கள் எம்மானுவேல் டாப்பியா, ஸ்டீபன் இன்டில், கென்ட் லார்சன் மூவரும் 2004-ல் இதைச் சோதித்தார்கள். தனியாக வசித்த இரண்டு பெண்களின் வீட்டில், ஒருவருக்கு 30 வயது, மற்றவருக்கு 80, கதவு, அலமாரி, ஃபிரிட்ஜ் என்று ஒட்ட வைத்த சென்சார்கள் முறையே 77-ம் 84-ம். இரண்டு வாரப் பதிவிலிருந்து செயல்களைக் கண்டுகொண்ட துல்லியம், செயலையும் அளக்கும் முறையையும் பொறுத்து 25 முதல் 89 சதவீதம் வரை. கேமரா இல்லாமலேயே இவ்வளவு முடியும் என்பதும், இவ்வளவுதான் முடியும் என்பதும் இரண்டும் அதில் இருக்கின்றன.

வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டயான் குக்கின் காசாஸ் என்ற ஸ்மார்ட் வீட்டு ஆராய்ச்சித் திட்டம் இதைப் பெரிதாக வளர்த்தது. அவர்கள் பொதுவில் விட்ட 'அரூபா' என்ற பதிவைத் திறந்து பாருங்கள். 2010 நவம்பர் 4, நள்ளிரவு 12 மணி 3 நிமிடம் 50 வினாடி: 'எம்003 ஆன்' (எம்003 என்பது ஓர் அசைவு சென்சாரின் பெயர்), பக்கத்தில் 'தூக்கம் ஆரம்பம்'. ஏழு வினாடி கழித்து 'எம்003 ஆஃப்'. இப்படியே மறு ஆண்டு ஜூன் வரை. தனியாக வசித்த ஒரு பெண். பிள்ளைகளும் பேரக் குழந்தைகளும் அவ்வப்போது வந்து போனார்கள். குறித்து வைத்த 11 செயல்களில் சமைப்பது, சாப்பிடுவது, பாத்திரம் கழுவுவதோடு 'கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு' என்பதும் தனியாக ஒன்று. அதைத் தனியாக எண்ணக் காரணம் இருக்கிறது. ராத்திரி எழுந்து போவது திடீரென்று கூடினால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். வயதானவர்களுக்கு அது காய்ச்சலாகத் தெரியாமல் குழப்பமாகவோ தள்ளாட்டமாகவோ வெளிப்படுவதுண்டு. டைகர்பிளேஸில் செவிலியர்களுக்கு எச்சரிக்கை போனதும் இந்த மாதிரி மாற்றங்களை வைத்துத்தான். அங்கே சென்சாரோடு இருந்தவர்கள் சராசரியாக 1,557 நாள் தங்கள் குடியிருப்பிலேயே இருந்தார்கள், சென்சார் இல்லாதவர்கள் 936 நாள். இதைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம்: எச்சரிக்கை வந்ததும் போய்ப் பார்க்க அங்கே செவிலியர் இருந்தார். நம் வீட்டில் அந்த இடத்தில் யார் என்பதை முடிவு செய்யாமல் ஒரு சென்சாரும் வாங்கக் கூடாது.

வழக்கம் என்ன என்று கணினியே கற்றுக்கொள்ளும் முறைகளை நான் வைக்கவில்லை. ஆடியில் கற்றது மார்கழியில் செல்லாது. மார்கழியில் அத்தை நாலரைக்கே எழுந்து கோலம் போட்டுக் கோயிலுக்குப் போய்விடுவார். ஏகாதசியன்று ஃபிரிட்ஜ் திறக்காது. வைகுண்ட ஏகாதசிக்குச் சொந்தக்காரர்கள் வந்து வீடு நிறைந்துவிடும். பிஐஆருக்கு யார் எவர் என்று தெரியாது. ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில்தான் இந்தக் கணக்கே. தம்பதியாக இருக்கும் வீட்டில் சில ரேடார்கள் இரண்டு புள்ளியாகக் காட்டினாலும் எது அப்பா, எது அம்மா என்று சொல்லாது. ஆகவே எளிய விதிகள் மட்டும்: காலை எட்டுக்குள் சமையலறை நிலைப்படியை யாரும் தாண்டவில்லை, பாத்ரூமில் 40 நிமிடம், ராத்திரி பத்துக்கு மேல் கொல்லைக்கதவு திறந்திருக்கிறது. இதோடு வாரம் ஒருமுறை ராத்திரி நடமாட்டத்தின் எண்ணிக்கை.

அந்த எண்ணிக்கையில்தான் அத்தை மறித்தார். "நான் ராத்திரி எத்தனை தடவை எழுந்து போறேன்னு அவளுக்கு எதுக்குடா?" நியாயமான கேள்வி. அது இப்போது அத்தை போனுக்கு மட்டும் வருகிறது. டாக்டரிடம் காட்டுவதும் காட்டாததும் அவர் இஷ்டம். மகளுக்குப் போவது மூன்று எச்சரிக்கைகள் மட்டும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தன் வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது. சட்டம் தடுக்காது என்பதால் வீட்டுக்குள் பேசி முடிப்பது இன்னும் அவசியமாகிறது. பாத்திரம் தேய்க்க வரும் அக்காவிடமும் சொல்லியிருக்கிறோம். அவர் வரும் நேரமும் இதில் பதிவாகிறது.

வாங்கும் முன் கரன்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். சென்சாரில் பட்டன் பேட்டரி இருக்கும், மின்வெட்டில் அது சாகாது. ரவுட்டரும், சென்சார்களின் தகவலை வாங்கி அனுப்பும் ஹப்பும் செத்துவிடும். இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள், ஹப் அரை மணிக்கொரு முறை 'இருக்கிறேன்' என்று சொல்லும்படி வையுங்கள். 'அசைவு இல்லை' வேறு, 'தகவல் இல்லை' வேறு. இரண்டையும் ஒரே செய்தியாக அனுப்பும் ஏற்பாடு நடுராத்திரியில் டல்லாஸை அலற வைக்கும்.

பணம் இரண்டு சென்சாருக்குத்தான் இருக்கிறது என்றால் சமையலறை நிலைப்படிக்கு ஒரு பிஐஆர், பாத்ரூமுக்கு ஒரு ரேடார். மறதி நோய் ஆரம்பித்திருக்கிறது என்றால் வரிசை மாறும்: வாசல் கதவும் கொல்லைக்கதவும் முதலில், வாசல் கேமரா அடுத்து, மற்றதெல்லாம் பிறகு. ஏற்கெனவே ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் என்றால் இந்தப் பட்டியலை நம்பித் தனியாக விட வேண்டாம். ராத்திரி துணைக்கு ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.